அடுக்களையில் அடைபட்ட புகை

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னர் வீட்டைக் கூட்டிக் கழுவி, ஒட்டறை அடித்து, இயலுமானவர்கள் வெள்ளையும் பூசிக்கொள்வது நம்மவரின் தொன்றுதொட்ட வழக்கம். விறாந்தை பளிச்சிடும். சுவாமி அறையிலுள்ள படங்கள் துடைக்கப்படும். யன்னற் கம்பிகள்கூட ஈரத்துணியின் கைக்குத் தப்புவதில்லை. ஆயினும் அவ்வீட்டில் வாழ்வோர் இரவும் பகலும் உள்ளே இழுத்து வெளியே விடுகின்ற காற்று எந்நிலையில் இருக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளாதலின் அதற்குத் துடைப்பமும் இல்லை, வெள்ளைப்பூச்சும் இல்லை. நாமும் அவ்வாறுதான் இருந்தோம். நமது வீட்டு அடுக்களையின் புகைபோக்கி பத்தொன்பது ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்ததை, மருத்துவர் ஒருவர் கேட்ட இரண்டு கேள்விகளின் பின்னரே நாம் நினைத்துப் பார்த்தோம்.

அதனைக் கூறுமுன் யாழ்ப்பாணத்து அடுக்களையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நமது பாட்டனார் காலத்தில் அடுக்களை வீட்டோடு ஒட்டியதன்று. பெரியவீடு ஒருபுறம், நடுவே முற்றம், அடுக்களைக் கொட்டில் மறுபுறம் என்று தனித்தனியாகவே அமைத்தார்கள். கொட்டிலில் தீப்பற்றினாலும் வீடு தப்பவேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அரைச்சுவர், அதன்மேல் பனைமட்டை வரிச்சு, அதற்கும் மேலே ஓலைக்கூரை. எங்கெங்கே இடைவெளி கண்டதோ அங்கெல்லாம் புகை வெளியேறியது. அப்புகை பட்டதனால் ஓலையைப் பூச்சி எளிதில் அரிக்கவில்லை. பரணில் வைத்த விதைகளும் பிழைத்தன. அக்காலத்துப் பெண்கள் புகையினால் வருந்தவில்லை என்று நாம் கூற வரவில்லை. ஊதுகுழலும் கையுமாக ஈரவிறகோடு போராடியவர்களின் கண்கள் எந்நேரமும் சிவந்தே இருந்தன. ஆயினும் புகை போவதற்கு ஒரு வழி இருந்தது.

பின்னர் கல்வீடுகள் வந்தன. அடுக்களை வீட்டோடு சேர்ந்தது; போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல்லினால் குசினி என்றும் பெயர் பெற்றது. ஓலை இருந்த இடத்தில் ஓடு ஏறியபோது, வீடு கட்டியவர்கள் அறிவோடு ஒரு காரியம் செய்தார்கள். அடுப்புமேடைக்கு மேலே கவிழ்த்த பெட்டிபோல ஒரு மூடியையும், அதிலிருந்து கூரையைத் துளைத்து மேலே உயர்ந்து செல்லும் கற்குழாயையும் கட்டினார்கள். முதியோர் அதனைப் புகைக்கூடு என்பர். பழைய கல்வீடுகள் பலவற்றில் இன்றும் அதனைக் காணலாம். நமது தந்தையார் கட்டிய வீட்டிலும் அது இருந்தது.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் எல்லோரோடும் நாமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்குச் சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஓடுகள் பல உடைந்திருந்தன. புகைபோக்கியின் தலைப்பாகமும் சிதைந்திருந்தது. உடைந்த ஓடுகளின் வழியே புகை போயிற்று. அதே வழியாக மழை வந்தது. 2002இல் பாதை திறந்தபின் எரிவாயுவும் வரத் தொடங்கியது. 2003இல் கூரையைப் புதுப்பித்தபோது, இனி விறகு எதற்கு, புகைபோக்கி எதற்கு என்ற எண்ணம் நமக்கு. அதன் வழியாக மழைநீர் ஒழுகுகிறது, காகம் முள்ளும் கம்பியும் கொண்டுவந்து கொட்டுகிறது என்று கூறி, அதன் வாயிலே ஒரு கல்நார்த் தகட்டை வைத்துச் சீமெந்து பூசுவித்தோம். ஓடு தெரியாதபடி உள்ளே பலகைத் தட்டு அடித்தோம். இலையான் வராதிருக்க யன்னலுக்கு நுண்வலை போட்டோம். அடுக்களை மிக அழகாயிற்று.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாடெங்கும் எரிவாயு கிடையாமற் போயிற்று. வரிசையிலே நின்ற கதையை வாசகர்கள் அறிவர்; அதனை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. எழுபதைக் கடந்த நமது அன்னையார், "தம்பி, வளவு நிறைய விறகு கிடக்கேக்கை நாங்கள் ஏன் வரிசையிலை நிக்கவேணும்?" என்று கூறி, பழைய அடுப்புமேடையைத் துடைத்துப் பற்றவைத்துவிட்டார். தென்னம்பாளை, பன்னாடை, பனைமட்டை, ஊமல், சிரட்டை ஆகியவற்றுக்கு வளவிலே குறைவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. புட்டுக்குப் பழைய சுவை திரும்பிவிட்டது என்று நாம் பாராட்டிப் பேசினோம். புகை சற்று அதிகமாகத்தான் இருந்தது. அது விறாந்தைக்கு வராதிருக்கும்பொருட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும்படி அன்னையாரிடம் கூறினோம். இவ்வரியை எழுதும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கின்றது.

மூன்று மாதம் செல்வதற்குள் அவருக்கு இருமல் பிடித்தது. தடிமன் என்று எண்ணிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். இருமல் நின்றபாடில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி நீரைத் தூக்கி வந்தால் நடுவழியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். மருத்துவர் ஒரு கருவியிலே ஊதச் செய்து மூச்சின் அளவைப் பார்த்தார். பின்னர் நம்மை நோக்கி, "வீட்டிலை ஆர் சமைக்கிறவை, சேர்?" என்றார். அதற்கு விடை எளிது. "அடுப்புப் புகை எதாலை வெளியிலை போகுது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர்க்கு நாம் செய்து காட்டுகின்ற பரிசோதனை ஒன்று இருக்கின்றது. ஒருபக்கம் கண்ணாடி பொருத்திய மரப்பெட்டி. அதன் மேற்பலகையில் இரண்டு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு விளக்குச் சிமினி நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு சிமினியின் கீழே மெழுகுதிரியை ஏற்றிவைத்து, மற்றதன் வாயருகே புகையும் கடதாசியைப் பிடிக்கவேண்டும். புகை தன் இயல்புக்கு மாறாகக் கீழே இறங்கி, பெட்டியைக் குறுக்கே கடந்து, மெழுகுதிரியின் மேலுள்ள சிமினி வழியாக எழுந்து செல்லும். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று மற்ற வழியால் வருகின்றது. எந்தச் சிமினியின் வாயை உள்ளங்கையால் மூடினாலும் ஓட்டம் நின்றுவிடும், பெட்டி புகையால் நிறையும், சுடர் மங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இருபது ஆண்டுகளாக இதனைப் படிப்பித்த நாம், வீட்டிலே மேல்வாயைச் சீமெந்தாலும் கீழ்வழியைக் கதவாலும் மூடிவிட்டு, அப்பெட்டிக்குள் நம் அன்னையாரை இருத்தியிருந்தோம்.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், அவ்வளவுதானே என்று நினைப்போர் பலர். கண்ணைக் கரிப்பது அதன் சிறிய தீங்கு. அதிலுள்ள நுண்துகள்களில் 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்தவையே பெருங்கேடு விளைப்பவை. நமது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு என்றால் அவற்றின் நுண்மை விளங்கும். மூக்கின் உரோமமும் தொண்டையின் சளியும் அவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசி அறைவரை செல்லும். ஒரு கனமீற்றர் காற்றில் இத்துகள்கள் நாளொன்றின் சராசரியாக 15 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது. காற்றோட்டமற்ற வீடுகளில் அடுப்புப் புகை, ஏற்கத்தக்க அளவைப்போல நூறு மடங்கு நுண்துகள்களைக் கொண்டிருத்தல் கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையினால் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000க்கு மேல் என்றும் அது மதிப்பிட்டிருக்கின்றது. நமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகையே முதன்மையான சமையல் எரிபொருளாகக் கொண்டிருந்தன. அன்னையாருக்கு வந்த நாட்பட்ட சுவாசத்தடை நோயைப் புகைபிடிப்போரின் நோய் என்றே நாம் எண்ணியிருந்தோம். அவர் சுருட்டைத் தொட்டவரல்லர். அடுப்பின் முன்னே கழித்த ஐம்பது ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. அந்த மூன்று மாதங்கள் அதனை வெளிக்காட்டின.

அடுத்த சனிக்கிழமையே புகைபோக்கியைத் திறக்கத் துணிந்தோம். அயலிலுள்ள முதிய மேசன் ஒருவர் உதவிக்கு வந்தார். தகடு கல்நாராதலின் அதனை உடைத்துத் தூளாக்கலாகாது. அத்தூள் விறகுப் புகையினும் கொடியது. நீர் தெளித்து நனைத்து, சீமெந்தை மட்டும் மெல்லச் செதுக்கி, முழுத்தகடாகவே கழற்றினோம். உள்ளே எட்டிப் பார்த்தால், ஓரத்து வெடிப்பினூடாக அணில் கொண்டுவந்து சேர்த்த தும்பு, குளவி கட்டிய மண்கூடுகள், 1990களின் காகக்கூட்டிலிருந்து துருவேறிய கம்பிகள்! நடுவிலே ஒரு வளைவில் இவை எல்லாம் சிக்கி ஓர் அணைபோல நின்றன. மேலே தகட்டை மாத்திரம் அகற்றி நிறுத்தியிருந்தால் பயன் ஏதும் விளைந்திராது.

நீண்ட தடியினாற் குத்தித் தள்ளலாம் என்று நாம் எண்ணினோம். மேசனார் தடுத்தார். "தடியாலை குத்தக்கூடாது வாத்தியார், காரை கழண்டுபோகும். கயிறுதான் சரி" என்றார். பனையீர்க்குகளை ஒரு கைப்பிடி அளவு கட்டி, அதன் கீழே உருண்டைக் கல் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் இரு கயிறுகள் பிணைத்தார். ஒருவர் கூரையில் நின்று இழுக்க, மற்றவர் அடுப்படியில் நின்று இழுக்க, அக்கட்டு குழாயின் நான்கு பக்கங்களையும் சுரண்டிக்கொண்டு சென்று வந்தது. முதல்நாள் மாலையிலிருந்தே அடுப்பில் நெருப்பில்லை. மூடியின் வாயை நனைத்த சாக்கினால் மறைத்திருந்தோம். அப்படி மறைக்காவிடின் பத்தொன்பது ஆண்டுத் தூசியும் வீடெங்கும் பரவியிருக்கும். வாய்க்கும் மூக்குக்கும் முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கவசங்கள் நன்கு பயன்பட்டன. பறவை எச்சம் கிடந்த இடங்களில் முதலில் நீர் தெளித்தோம். காய்ந்த எச்சத்தைத் தூசியாக்கி மூச்சில் இழுப்பதும் நோய்க்கு வாயில்.

விழுந்த கரி இருவகையாக இருந்தது. ஒன்று கைபட்டால் உதிரும் மிருதுவான தூள். மற்றது தார்போல இறுகிப் பளபளப்பது. ஈரவிறகு மந்தமாக எரியும்போது எழும் ஆவி, குளிர்ந்த சுவரிலே படிந்து இவ்வாறு இறுகுகின்றது. இது தானே தீப்பற்றக்கூடிய பொருள். புகைபோக்கியினுள்ளே தீப்பிடித்து வீடெரிவது குளிர்நாடுகளில் அடிக்கடி நிகழ்வது. விறகை நன்றாகக் காயவைத்தே எரிக்கவேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருந்தது. சேர்ந்த கரியை வளவின் கோடியில் குழிதோண்டிப் புதைத்தோம். பல்துலக்க ஆகும் என்று ஒருவர் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டோம்.

மறுத்ததற்குக் காரணம் உண்டு. இலண்டன் நகரிலே புகைபோக்கி துப்புரவாக்கும் வேலைக்குச் சிறு பையன்களை ஏற்றி இறக்கிய காலம் ஒன்று இருந்தது. ஒடுங்கிய குழாய்க்குள் பெரியவர் நுழைய முடியாதல்லவா? அவ்வேலை செய்தோர் வளர்ந்தபின் அவர்களது உடலின் மறைவிடத் தோலில் புற்றுநோய் காண்பதை, பேர்சிவல் பொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1775ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். ஒரு தொழிலினால் புற்றுநோய் விளைகின்றது என்று மருத்துவ உலகம் கண்டுகொண்ட முதல் நிகழ்ச்சி அதுவே. தோலின் மடிப்புகளில் தங்கிய கரியே அதற்குக் காரணம். பையன்களைக் குழாயில் ஏற்றும் வழக்கத்தை உண்மையில் ஒழித்த சட்டமோ 1875இல்தான் வந்தது. அறிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே நூறு ஆண்டுகள்! வேலை முடிந்ததும் நாமும் மேசனாரும் கிணற்றடியிலே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்தோம்.

குழாயைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவலாமா என்று அயலவர் கேட்டார். நாம் உடன்படவில்லை. அடுத்தநாள் அங்கே நெருப்பு எரியப்போகின்றது. அதனினும் சிறந்த கிருமிநாசினி எது? வெளுக்கும் தூளின் ஆவி நோயாளியின் மூச்சைக் கெடுக்கும் என்பதுதான் மிச்சம். சிதைந்த தலைப்பாகத்தை முகட்டுக்கு மேலே இரண்டடி உயரும்படி திரும்பக் கட்டி, நான்கு சிறு தூண்களின்மேல் ஒரு சீமெந்துப் பலகையை வைத்தோம். மழை விழாது, நான்கு பக்கமும் புகை போகும். காகத்தைத் தடுக்க அகன்ற கண்ணுள்ள கம்பிவலை போதும். நுண்வலை போட்டால் கரி படிந்து மீண்டும் மூடிக்கொள்ளும். கீழே, அடுக்களைக் கதவின் அடிப்பலகை ஒன்றைக் கழற்றிக் காற்று நுழைய வழி விட்டோம். இதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே நுழைவதற்கு இடமில்லையாயின் மேலே எவ்வளவு உயரக் கட்டினாலும் புகை போகாது. எல்லாம் முடிந்தபின், அடுப்பை மூட்டி, எரியும் ஊதுபத்தி ஒன்றை மூடியின் விளிம்பருகே பிடித்துப் பார்த்தோம். புகைநூல் வளைந்து உள்ளே ஓடிற்று. சோளகக் காற்று வீசும் நாளிலும் வாடை வீசும் நாளிலும் மீண்டும் அவ்வாறே சோதித்தோம். நேராகவே வேலை செய்தது.

இச்செய்தியைத் தொலைபேசியில் கேட்ட ரொறன்ரோவிலுள்ள நமது இளைய சகோதரி, தம் வீட்டுக் குழாய்களைப் பற்றி நம்மிடம் ஆலோசனை கேட்டார். அங்கே பல வீடுகளில் நிலவறையிலுள்ள உலையில் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் செலுத்துவர். அக்குழாய்களைத் துப்புரவாக்கி மருந்தும் தெளித்துத் தருவதாகத் தொலைபேசியில் ஓயாது அழைப்பு வருமாம். இதுபற்றி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறும் அறிவுரை தெளிவானது. குழாய்களைத் துப்புரவாக்குவதனால் நோய் தடுக்கப்படுகின்றது என்று எக்காலத்தும் நிறுவப்படவில்லை. பூஞ்சணம் கண்ணாற் காணப்பட்டாலோ, எலியும் பூச்சியும் குடிபுகுந்தாலோ, தூசி அடைத்து அறைக்குள் வந்து விழுந்தாலோ செய்விக்கலாம். ஏனைய வேளைகளில் ஆண்டுதோறும் செய்யவேண்டியதில்லை. மருந்து தெளிப்பதில் மேலும் எச்சரிக்கை வேண்டும். உலையின் வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றுங்கள், அடுப்புக்கு மேலுள்ள விசிறி எங்கே ஊதுகின்றது என்று பாருங்கள் என்றோம். பார்த்தபோது, அது புகையை உறிஞ்சி ஒரு வலையினூடாக மீண்டும் அதே அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தது! கொழும்பு மாடிவீடுகளிலும் இத்தகைய விசிறிகள் உண்டு. அங்குள்ள குளிரூட்டிகளும் பெரும்பாலும் அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விப்பவை. புதுக்காற்றைக் கொண்டுவருவன அல்ல. அவற்றின் வலையை மாதமொருமுறையாவது கழுவி உலர்த்தவேண்டும். நாளில் ஒருமுறை யன்னலும் திறக்கவேண்டும்.

நுளம்புத்திரியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் அதிலிருந்து வெளிப்படும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள்வரை புகைத்ததற்கு ஒப்பாகும் என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. நாம் அதனை விட்டு நுளம்புவலைக்குத் திரும்பிவிட்டோம். சாம்பிராணியை விட மனமில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அது உண்டு. யன்னல்கள் திறந்திருக்கும், அன்னையார் முற்றத்தில் இருப்பார். தணற்சட்டியைப் பூட்டிய அறையிலே வைத்து உறங்குவது மட்டும் எக்காரணங்கொண்டும் கூடாது. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு குருதியிலே சேர்ந்துகொள்ளும்.

அன்னையாரின் இரவு இருமல் குறைந்துவிட்டது. இழந்த மூச்சு திரும்பாது, மேலும் இழக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் மறைக்காது கூறினார். இப்போது வாளியை நாமே தூக்குகிறோம். எரிவாயு மீண்டும் தாராளமாகக் கிடைக்கின்றது. ஆயினும் புட்டும் கூழும் விறகடுப்பில்தான் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்துத் தோற்றோம். விறகடுப்பு எரியும்போது கிளறுவதும் இறக்குவதும் நம் பொறுப்பாகிவிட்டன. அவர் வாசற்படியிலிருந்து கட்டளையிடுவார். உப்பு எப்போதும் கூடிவிடுகின்றது என்பது அவருடைய குறை.

நமது ஒழுங்கையில் புகைபோக்கி உள்ள வீடுகள் ஏழு. அவற்றுள் நான்கின் வாய் இன்னும் தகட்டினால் மூடியபடியே இருக்கின்றது. அவ்வீடுகளிலும் பின்னேரங்களில் விறகு எரிவது மணத்திலேயே தெரியும். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியிலே, நமது குழாயை மறுபடியும் இழுத்துத் துப்புரவாக்க இருக்கிறோம். ஏணியும் ஈர்க்குக் கட்டும் இரண்டு கயிறும் மாட்டுக்கொட்டிலில் தொங்குகின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம். மேசனாரையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறோம்.